வளையும் தகட்டுக் கரண்டி: சுவர்ப் பூச்சுக்கு எந்தக் கனம், எந்த நீளம்?

ஒத்தக்கடை வீட்டுக்காரர்

அனைவருக்கும் வணக்கம். ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் நாங்கள் கட்டிய வீட்டில் ஹால் முழுவதும் பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரில் மெல்லியதாக இழுக்கும் பூச்சு) பார்த்து முடித்த பெயிண்டர், திண்டுக்கல்லில் வேறு வேலை கிடைத்ததும் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். நான்கு மாதங்களுக்கு முன் எம்-சாண்டில் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பூசி, ஸ்பாஞ்ச் போட்டுத் தேய்த்து முடித்த சுவர் அது. ஓர் அறைதானே, நாமே பார்த்துவிடலாம் என்று நினைத்துத் தெற்கு வெளி வீதியில் ஒரு ஹார்டுவேர்ஸ் கடையில் 4 அங்குலப் பட்டித் தகடு ஒன்றும், 14 அங்குல நீளத்தில் நன்றாக வளையக்கூடிய எவர்சில்வர் கரண்டி ஒன்றும் வாங்கி வந்தேன். கரண்டியின் தகடு 0.3 மில்லி மீட்டர் கனம் என்று அட்டையில் போட்டிருக்கிறது.

பட்டியில் முதல் கை, அதாவது முதல் பூச்சு, போட்டு முடித்த அன்று பகலில் சுவர் அழகாகத்தான் இருந்தது. இரவு டியூப் லைட்டைப் போட்டதும், வைகையில் தண்ணீர் வற்றிய பிறகு மணலில் தெரியும் வரிகளைப் போல மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. போதாததற்கு, கரண்டி போன வழியெல்லாம் இரண்டு ஓரங்களிலும் தண்டவாளம் போட்டதைப் போலக் கோடுகள். தவறு கரண்டியிலா, என் கையிலா? இதே கரண்டியை வைத்துப் பின்புறச் சுவரில் பெயர்ந்துபோன இருபது சதுர அடியைச் சிமெண்ட் கலவையால் பூசலாமா?

திருமங்கலம் மேற்பார்வையாளர்

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். சிமெண்ட் பூச்சுக்கு அந்தக் கரண்டியைத் தொடவே தொடாதீர்கள்.

கடைக்காரர்கள் எல்லாவற்றையும் கரண்டி என்றே சொல்லி விற்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. கலவையை அள்ளி அடிப்பது கொத்துக்கரண்டி. அடித்த கலவையை மட்டத்துக்குக் கொண்டுவருவது மட்டப்பலகை. இப்போது பெரும்பாலும் 6 அடி அலுமினியப் பெட்டிக் குழாயைத்தான் அதற்கு வைத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு சுற்றிச் சுற்றித் தேய்ப்பது மணியாசுக்கட்டை. தண்ணீர்த் தொட்டி, குளியலறை போன்ற இடங்களில் சிமெண்ட் பால் விட்டு வழவழப்பாக இழுப்பது விறைப்பான இரும்புக் கரண்டி. வடக்கிலிருந்து வரும் தொழிலாளிகள் அதைக் குர்மாலா என்பார்கள். நீங்கள் வாங்கியிருக்கும் வளையும் தகடு இந்த வரிசையில் எதிலும் சேராது. மட்டம் எல்லாம் முடிந்து, மேலே ஒன்று அல்லது இரண்டு மில்லி மீட்டர் கனத்தில் ஒரு மெல்லிய பூச்சை இழுத்து மூடும் கட்டத்தில்தான் அதற்கு வேலை.

உள்சுவர்ப் பூச்சு வழக்கமாக 12 மில்லி மீட்டர், வெளிச்சுவர் 20 மில்லி மீட்டர். அத்தனை கனமான ஈரக் கலவையை 0.3 மில்லி மீட்டர் தகட்டால் நகர்த்த முடியாது. நகர்த்தினாலும் அது சுவரின் பள்ளத்துக்குள் வளைந்து இறங்கிப் பள்ளத்தையே மெழுகிக் கொடுக்குமே தவிர, அதை நிரப்பாது. மேலும் எம்-சாண்ட் துகளுக்கு முனை கூர்மை. நான்கு சுவர் தேய்ப்பதற்குள் தகட்டின் ஓரம் சவர பிளேடு போலத் தேய்ந்துவிடும், கை பத்திரம்.

கனத்தைப் பற்றி ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். ஆகவே 0.3 மில்லி மீட்டர் தகட்டைவிட 0.6 மில்லி மீட்டர் தகடு இரண்டு மடங்கு விறைப்பாக இருக்காது, எட்டு மடங்கு விறைப்பாக இருக்கும். 0.4-க்கும் 0.5-க்கும் நடுவிலேயே ஏறத்தாழ இரண்டு மடங்கு வித்தியாசம் வந்துவிடும். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், கைக்குத்தான் தெரியும்.

உங்கள் சுவரில் வந்த தண்டவாளக் கோட்டுக்கும் காரணம் இதுதான். 14 அங்குல நீளத்துக்கு 0.3 மில்லி மீட்டர் கனம் போதாது. கைப்பிடியைத் தாங்கும் தண்டு நடுவில் மட்டும் இருப்பதால், நீங்கள் அழுத்தும்போது நடுப்பகுதி பட்டியைச் சுரண்டி எடுக்கிறது, இரு முனைகளும் மேலே எழும்பிக்கொண்டு பட்டியை ஓரமாகத் தள்ளிவிடுகின்றன.

உசிலம்பட்டி பெயிண்டர்

மேற்பார்வையாளர் ஐயா சொன்ன கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் இருபத்திரண்டு வருடமாகப் பட்டி பார்க்கிற எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மதுரையில் நல்ல சுவர் என்று சொல்லப்படும் சுவர்களில் முக்கால்வாசி 4, 6, 8 அங்குலப் பட்டித் தகட்டால் போட்டவைதான். அவை எல்லாமே மெல்லிய, வளையும் தகடுகள்தான். என் அப்பா பழைய கை ரம்பத்தின் தகட்டை வெட்டி, பல்லைத் தேய்த்துத் தட்டி, வேப்பங்கட்டையில் கைப்பிடி போட்டு வைத்திருந்தார். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் உண்டு. அந்தத் தகட்டுக்கு இத்தனை மில்லி மீட்டர் என்று யாரும் கணக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்காரத் தம்பி செய்த தவறு கனத்தில் இல்லை, நீளத்தில்தான். புதிதாகக் கற்பவர் 14 அங்குலக் கரண்டி நிறையப் பட்டியை ஏந்திக்கொண்டு சுவரில் இழுத்தால், பத்தாவது இழுப்பில் மணிக்கட்டு சோர்ந்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும், கோடு விழும். 8 அங்குலத்தில் தொடங்கினால் அதே 0.3 கனம் போதும்.

இன்னொன்றையும் யாரும் கேட்கவில்லை. எந்த மாதம், எந்தச் சுவர், எந்த நேரம்? சித்திரை வெயிலில் மேற்குச் சுவர் மத்தியானத்துக்கு மேல் அடுப்புச் சட்டி போலக் காய்ந்திருக்கும். அதில் பட்டியை வைத்தால் சுவர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், கரண்டி திரும்பி வருவதற்குள் பட்டி இறுகித் திட்டுத் திட்டாக இழுபடும். நாங்கள் வெயில் காலத்தில் மேற்குச் சுவரைக் காலை ஒன்பதரைக்குள் முடித்துவிடுவோம். அதற்கும் முன் சுவரைத் துடைத்து, பிரஷ்ஷால் தண்ணீர் தெளித்து, தண்ணீர் வழியாமல் ஈரம் மட்டும் நிற்கிற பதத்தில் தொடங்குவோம்.

மேலூர், முன்பு சிங்கப்பூர்

நான் சிங்கப்பூரில் ஒன்பது ஆண்டுகள் கான்கிரீட் சுவருக்கு ஸ்கிம் கோட் என்னும் மெல்லிய மேல்பூச்சு போடும் வேலையில் இருந்தேன். பெயிண்டர் அண்ணன் சொல்வதும் மேற்பார்வையாளர் ஐயா சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பது என் எண்ணம். அங்கே ஒருவர் கையில் எப்போதும் இரண்டு கரண்டிகள் இருக்கும். பட்டியை ஏற்றிப் பரப்ப 0.5 அல்லது 0.6 மில்லி மீட்டர், கடைசியில் மூடி மினுக்க 0.3 அல்லது 0.4 மில்லி மீட்டர். முதல் கரண்டி செய்ய வேண்டிய வேலையை இரண்டாவது கரண்டியிடம் கொடுத்ததால்தான் வீட்டுக்காரருக்கு அலை விழுந்தது.

பிடிப்பதைப் பற்றிச் சொல்கிறேன், எழுத்தில் எவ்வளவு வருமோ பார்ப்போம். பட்டியை ஏற்றும்போது கரண்டியின் முன் ஓரத்தைச் சுவரிலிருந்து ஒரு விரல் பருமன் தூக்கிக்கொண்டு கீழிருந்து மேலே போக வேண்டும். போகப் போக அந்த இடைவெளியைக் குறைத்து, முடிவில் ஏறக்குறையத் தட்டையாக வந்து, நிறுத்தாமல் கையை எடுத்துவிட வேண்டும். சுவரிலேயே நிறுத்தி எடுத்தால் அங்கே ஒரு வரம்பு நிற்கும். அடுத்த இழுப்பு முந்தைய இழுப்பின் மேல் மூன்றில் ஒரு பங்காவது ஏற வேண்டும். மெல்லிய தகடாக இருந்தால் ஆட்காட்டி விரலைக் கைப்பிடிக்கு முன்னால் நீட்டித் தண்டின் மேல் வைத்துக்கொள்வேன். அப்போது எந்தப் பக்கம் அழுத்தம் கூடுகிறது என்று விரலுக்குத் தெரியும். பக்கத்துக் கோட்டின் மேல் போகும்போது அழுத்தத்தை அந்தக் கோட்டின் பக்கம் கொடுத்து, புதுப் பரப்பின் பக்கம் இளக்கமாக விட வேண்டும். இதைச் செய்யாமல் எத்தனை விலை கொடுத்த கரண்டியை வாங்கினாலும் தண்டவாளம் போகாது.

மெல்லிய தகடு எப்போது இறங்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். விரல் நுனியால் பட்டியைத் தொட்டால் பதிவு விழ வேண்டும், ஆனால் விரலில் பட்டி ஒட்டக் கூடாது. அதற்கு முன் இறங்கினால் தகடு பட்டியைக் கிளறும். அதற்குப் பின் இறங்கினால் கிறீச்சென்ற சத்தத்தோடு மேலே வழுக்கிக்கொண்டு போகும். சரியான பதத்தில் தகடு போகும்போது புதுக் காகிதத்தைக் கத்தரிப்பது போல ஒரு சீரான ஓசை கேட்கும். நாங்கள் ரேடியோவை நிறுத்தச் சொல்வது அந்த ஓசையைக் கேட்கத்தான்.

புதுத் தகட்டை அப்படியே சுவரில் வைக்காதீர்கள். நான்கு முனைகளும் கூர்மையாக இருக்கும், ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கும். 400-ஆம் எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துச் சமமான ஒரு கிரானைட் துண்டின் மேல் வைத்து, ஓரத்தை நீளவாக்கில் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்துவிட்டு, முனைகளைக் காசின் விளிம்பு அளவுக்கு மட்டும் மழுக்குங்கள். அதிகம் மழுக்கினால் சுவர் மூலையில் பட்டி நிற்கும்.

திருமங்கலம் மேற்பார்வையாளர்

மேலூர்த் தம்பி சொன்ன இரண்டு கரண்டி முறையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பெயிண்டர் சொல்லும் "மதுரையின் நல்ல சுவர்கள்" பற்றி எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அந்தச் சுவர்கள் பட்டித் தகட்டால் நல்லவை ஆகவில்லை. அதற்கு முன் ஒரு கொத்தனார் தூக்குக்குண்டு விட்டு, மட்டம் காட்டும் கலவைப் பொட்டு வைத்து, மட்டப்பலகையால் இழுத்துக் கொடுத்ததால் நல்லவை ஆயின. பட்டித் தகட்டுக்கு அந்தப் பெயர் இலவசமாகக் கிடைத்தது.

வீட்டுக்காரத் தம்பி, 6 அடி மட்டப்பலகை ஒன்றை இரவல் வாங்கிச் சுவரின் மேல் நெடுக்காகவும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளி கசியும் இடமெல்லாம் பள்ளம். வெள்ளைச் சிமெண்ட் பட்டி மூட்டைகளில் இரண்டு கையும் சேர்த்து 1.5 மில்லி மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றுதான் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். பள்ளம் மூன்று மில்லி மீட்டர் என்றால் அதைப் பட்டியால் நிரப்ப நினைப்பது வீண், பிறகு வெடிக்கும். அந்த இடத்தை மட்டும் சொரசொரப்பாக்கி நனைத்து, சலித்த மணலில் கலவை போட்டு ஏற்றி, மணியாசுக்கட்டையால் தேய்த்து, ஒரு வாரம் தண்ணீர் விட்டுக் காயவிட்ட பிறகு பட்டிக்கு வாருங்கள். பின்புறச் சுவருக்கும் இதே வழிதான். அங்கே பெயர்ந்த இடத்தின் ஓரங்களைத் தட்டிப் பார்த்து, பொத்தென்று ஒலிக்கும் இடம் வரை உள்ள பழைய பூச்சையெல்லாம் கொத்தி எடுத்துவிடுங்கள்.

சிமெண்ட் பூச்சின் மேல் வழவழப்பு வேண்டும் என்று தகட்டுக் கரண்டியால் திரும்பத் திரும்ப இழுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்படி இழுத்தால் சிமெண்ட் பால் மேலே ஏறி நிற்கும், காய்ந்ததும் சிலந்தி வலை போல மயிரிழை வெடிப்புகள் வரும். பட்டியும் அந்த வழுக்குப் பரப்பில் பிடிக்காது. பட்டி வரப்போகும் சுவரை ஸ்பாஞ்ச் சொரசொரப்போடு விடுவதுதான் முறை.

ஒத்தக்கடை வீட்டுக்காரர்

நன்றி ஐயா. டார்ச் அடித்துப் பார்த்தேன், ஜன்னலுக்கும் மூலைக்கும் நடுவில் இரண்டடி நீளத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. என் கையை மட்டும் குறை சொல்ல வேண்டியதில்லை என்று கொஞ்சம் ஆறுதல்.

இன்னொரு சிக்கல். இரவு கழுவி வைத்த கரண்டியில் காலையில் பழுப்புப் புள்ளிகள். காந்தம் ஒட்டாது, சுத்தமான எவர்சில்வர் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். வீட்டில் வைத்துப் பார்த்தால் காந்தம் லேசாக ஒட்டுகிறது. ஏமாற்றிவிட்டாரா?

திருமங்கலம் மேற்பார்வையாளர்

காந்தத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. எவர்சில்வரில் 304 என்ற ரகத்தில் இயல்பாகக் காந்தம் ஒட்டாது என்றாலும், குளிர்நிலையில் உருட்டி விறைப்பேற்றிய தகட்டில் லேசாக ஒட்டும். 430 ரகத்தில் நன்றாகவே ஒட்டும், அதுவும் எவர்சில்வர்தான், ஆனால் துருவைத் தாங்கும் சக்தி குறைவு. கரிம எஃகு என்றால் காந்தமும் ஒட்டும், துருவும் ஏறும். ஓர் இரவு உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை முனையில் சுற்றி வையுங்கள். காலையில் ஆங்காங்கே புள்ளி மட்டும் என்றால் தேய்த்து எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். முழுவதும் செம்மை படர்ந்தால் அதை வெள்ளைப் பட்டிக்கு வைக்காதீர்கள், துரு பட்ட இடம் பெயிண்டுக்கு மேலும் தெரியும். எந்த ரகமானாலும் கழுவியதும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். அடுத்த முறை சுவரில் வைப்பதற்கு முன் அந்த எண்ணெயைச் சோப்புப் போட்டு எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்டி பிடிக்காது.

பழைய வீட்டுக்காரர், மதுரை

ஒரு சிறு குறுக்கீடு. எங்கள் பூர்வீக வீடு செட்டிநாட்டுப் பக்கம் இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சின் மேல் முட்டை வெள்ளைக்கரு கலந்த கடைசிப் பூச்சைக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர்கள், தொட்டால் இன்றும் குளிரும். 1636-இல் கட்டிய நம் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களிலும் சுதை வேலையின் வழவழப்பைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கூடத்துச் சுவர் ஒன்றைச் சுண்ணாம்பிலேயே செப்பனிட நினைக்கிறேன். கல்லுக்குப் பதிலாக வளையும் தகட்டை வைக்கலாமா?

மேலூர், முன்பு சிங்கப்பூர்

சுண்ணாம்பு மெதுவாக இறுகும் என்பதால் மெல்லிய தகடு அதற்கு நன்றாகவே ஒத்துவரும் ஐயா. ஆனால் முனைகளை நன்றாக வளைத்து மழுக்கிய எவர்சில்வர் தகடாக இருக்க வேண்டும். இறுகும் தறுவாயில் இரும்பால் அழுத்தி அழுத்தித் தேய்த்தால் உலோகம் உரசிச் சாம்பல் நிறக் கீற்றுகள் விழும், வெள்ளைச் சுவரில் அவை போகவே போகாது. பரப்பி மூடுவதைத் தகட்டால் செய்யுங்கள், கடைசி மெருகைக் கூழாங்கல்லுக்கே விட்டுவிடுங்கள்.

ஜிப்சம் பூச்சு போடுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வரி: அங்கே கலந்த அரை மணி நேரத்துக்குள் எல்லாம் இறுகிவிடும், ஆகவே மெல்லிய தகட்டுக்குக் கிடைப்பது கடைசிச் சில நிமிடங்கள்தான். ஈரம் படும் சுவரில் ஜிப்சமே வேண்டாம்.

ஒத்தக்கடை வீட்டுக்காரர்

இரண்டாவதாக 0.5 மில்லி மீட்டர் கரண்டி ஒன்று வாங்கப் போகிறேன். பல கடைகளில் கனம் எதுவும் போட்டிருப்பதில்லை. எப்படிப் பார்த்து வாங்குவது?

மேலூர், முன்பு சிங்கப்பூர்

கனம் அளக்கும் வெர்னியர் கருவி இல்லையென்றால் ஜெராக்ஸ் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். சாதாரண 80 கிராம் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லி மீட்டர். ஐந்து தாளை இறுக்கிப் பிடித்துத் தகட்டின் ஓரத்தோடு சேர்த்து விரலால் தடவினால் எது மேடு என்று தெரிந்துவிடும். அடுத்ததாகக் கடையின் கண்ணாடி மேசை மேல் கரண்டியின் ஓரத்தை நிறுத்தி, அழுத்தாமல் குனிந்து பாருங்கள், கண்ணாடிக்கும் ஓரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. பிறகு அதே மேசையில் தகட்டை அழுத்தி வளைத்து விடுங்கள். பழைய நிலைக்கு அப்படியே திரும்ப வேண்டும், ஒரு நூல் வளைவு மிச்சம் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தண்டு தகட்டின் நீளத்தில் பெரும்பகுதி ஓடுகிறதா என்று பாருங்கள், தண்டு குட்டையாக இருந்தால் முனைகள் படபடக்கும். கைப்பிடியைத் திருகிப் பார்க்கும்போது ரிவெட் அசைந்தால் அந்தக் கரண்டி ஒரு சுவர்கூடத் தாங்காது. நான் 11 அங்குலத்துக்கு மேல் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன், இந்த ஒன்றில் பெயிண்டர் அண்ணன் கட்சிதான் நானும்.

உசிலம்பட்டி பெயிண்டர்

கட்சிக்கு ஆள் சேர்ந்ததில் மகிழ்ச்சி. தம்பி, இரண்டாவது கைக்கு முன் சுவரை உப்புத்தாளால் தேய்த்து, துடைப்பத்தால் தூசியைத் தட்டுங்கள். ஸ்பாஞ்ச் சுவரிலிருந்து ஒரு மணல் துகள் பட்டிக்குள் விழுந்தால், மெல்லிய தகடு அதைச் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்துக்கொண்டே கோடு போடும். வாளியின் ஓரத்தில் காய்ந்த பட்டியைச் சுரண்டி உள்ளே தள்ளுவதும் அதே வினையைத்தான் கொண்டுவரும்.

ஒத்தக்கடை வீட்டுக்காரர்

பள்ளத்தைக் கலவையால் ஏற்றி, எட்டு நாள் தண்ணீர் விட்டு, அது நன்றாகக் காய்ந்த பிறகு நேற்றும் இன்றும் வேலை செய்தேன். 11 அங்குலம், 0.5 மில்லி மீட்டர் கரண்டியால் பரப்பினேன். விரல் ஒட்டாத பதம் வந்ததும் பழைய 0.3 தகட்டால் மூடினேன். அந்தக் காகிதம் கத்தரிக்கும் ஓசை மூன்றாவது சுவரில்தான் கேட்டது. முதல் இரண்டு சுவர்களிலும் அவசரப்பட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. இரவு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்ததில் அலை இல்லை, தண்டவாளம் இரண்டு இடத்தில் மட்டும் லேசாக இருக்கிறது. சுவிட்ச் பெட்டியைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் போல மேடாக நிற்கிறது, தகடு பெட்டியின் ஓரத்தில் இடித்து இடித்து வருகிறது.

உசிலம்பட்டி பெயிண்டர்

அந்த இடத்துக்குப் பெரிய கரண்டி போகாது. மெயினை நிறுத்திவிட்டு, சுவிட்ச் மூடியைக் கழற்றி, பெட்டிக்குள் தாளைத் திணித்துக்கொள்ளுங்கள். முதலில் வாங்கிய அந்த 4 அங்குலத் தகடு இருக்கிறதே, அதால் பெட்டியின் ஓரத்திலிருந்து வெளிப்புறமாக நான்கு பக்கமும் இழுத்துவிடுங்கள், பெட்டியை நோக்கி உள்ளே இழுக்கக் கூடாது. மிச்சம் தெரியும் வளையத்தை 180-ஆம் எண் உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும்.